விண்டோஸுடன் லினக்ஸ் நிறுவிய பின் கணினி கிளம்ப மறுத்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. நன்றாக ஓடும் மடிக்கணினியைத் தூக்கிப்போட மனமில்லாமல், விண்டோஸை வைத்துக்கொண்டே பக்கத்தில் லினக்ஸையும் போட்டுப் பார்க்கிறவர்கள் அதன் பிறகு என்னிடம் அதிகமாகவே கேள்வி கேட்கிறார்கள். கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றுதான் என்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். உபுண்டு 22.04, 24.04, லினக்ஸ் மின்ட் ஆகிய லினக்ஸ் வகைகளை மனத்தில் வைத்து எழுதியது இது. கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் தந்திருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் இடுங்கள்.

கணினி கிளம்பவில்லை. என் கோப்புகள் எல்லாம் போய்விட்டனவா?

பெரும்பாலும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பதற்றத்தில் செய்யும் அடுத்த காரியத்தில்தான் கோப்புகள் உண்மையாகவே போகின்றன.

பொத்தானை அழுத்தியதும் முதலில் விழிப்பது விண்டோஸும் அல்ல, லினக்ஸும் அல்ல. மதர்போர்டில் குடியிருக்கும் யூஇஎஃப்ஐ என்ற நிரல்தான் விழிக்கிறது. பழைய பழக்கத்தில் அதை இன்னும் பயாஸ் என்றே சொல்கிறோம். யாரை முதலில் எழுப்புவது, அவர் எழாவிட்டால் அடுத்து யார் என்று அதனிடம் ஒரு பட்டியல் இருக்கும். பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரும் இஎஃப்ஐ பார்ட்டிஷன் என்ற சின்னஞ்சிறு பகுதியில் இருக்கும் ஒரு கோப்பைச் சுட்டும். விண்டோஸ் தானே உருவாக்கினால் அந்தப் பகுதியின் அளவு பெரும்பாலும் 100 எம்பி. அதற்குள் மைக்ரோசாஃப்ட் என்றொரு கோப்புறை, உபுண்டு என்றொரு கோப்புறை. உபுண்டு கோப்புறைக்குள் ஷிம், கிரப் என்று இரண்டு சிறு நிரல்கள். ஷிம் கிரப்பை எழுப்பும். கிரப் உங்களுக்கு அந்தத் தேர்வுப் பட்டியலைக் காட்டும்.

கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை அந்தப் பெயர்ப் பட்டியலிலோ அந்த 100 எம்பிக்குள்ளோ நடப்பவை. உங்கள் படங்களும் ஆவணங்களும் இருப்பது வேறு இடத்தில். நிறுவும்போது "வட்டை அழித்து நிறுவு" என்ற தேர்வை அழுத்திவிட்டீர்கள் என்றால் மட்டும் கதை வேறு. அப்படியானால் அந்த வட்டில் இனி எதையும் எழுதாமல் கணினியை அணைத்துவிட்டு, தரவு மீட்பு தெரிந்தவரிடம் போங்கள்.

சரி, முதலில் என்ன செய்ய வேண்டும்?

திரையில் கடைசியாகத் தெரிந்த எழுத்துகளைக் கைப்பேசியில் படமெடுங்கள். "ஏதோ கறுப்பாக வந்தது" என்று சொன்னால் யாராலும் உதவ முடியாது. அந்த ஒரு வரி கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

அடுத்து, தொடக்கத் தேர்வுத் திரையைத் திறந்து பாருங்கள். டெல், லெனோவோ கணினிகளில் பொதுவாக எஃப்12, எச்பியில் எஃப்9, ஏசஸ் மடிக்கணினிகளில் எஸ்கேப் விசை. ஏசரிலும் எஃப்12-தான், ஆனால் பல மாடல்களில் அதைப் பயாஸ் அமைப்பில் முதலில் இயக்கி வைக்க வேண்டும். விண்டோஸ் பூட் மேனேஜர், உபுண்டு என்ற இரண்டு பெயர்களும் அந்தத் திரையில் தெரிந்தால் நிம்மதியாக மூச்சு விடலாம். ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து எது எழுகிறது என்று பாருங்கள்.

நிறுவல் ஒழுங்காக முடிந்தது. ஆனால் கணினி நேராக விண்டோஸுக்கே போகிறது. உபுண்டு கண்ணில் படவே இல்லை.

பட்டியலில் விண்டோஸின் பெயர் மேலே இருக்கிறது, அவ்வளவுதான். பயாஸ் அமைப்புக்குள் போய் வரிசையை மாற்றினால் போதும்.

சொல்லும்போது எளிது, சில கணினிகளில் அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. எச்பி மடிக்கணினிகளில் வரிசைப் பட்டியலில் "ஓஎஸ் பூட் மேனேஜர்" என்ற ஒரே வரிதான் தெரியும், உபுண்டு இருக்காது. அந்த வரியின் மேல் நின்று என்டர் விசையை அழுத்துங்கள். உள்ளே இன்னொரு சிறு பட்டியல் விரியும். உபுண்டு அங்கே ஒளிந்துகொண்டிருக்கும். ஏசரில் வேறு வகைச் சிக்கல். முதலில் சூப்பர்வைசர் கடவுச்சொல் ஒன்றை வைக்க வேண்டும். பிறகு பாதுகாப்புப் பகுதியில் நம்பகமான யூஇஎஃப்ஐ கோப்பைத் தேர்ந்தெடுக்கும் வரி உயிர்பெறும். அதில் உபுண்டு கோப்புறைக்குள் இருக்கும் ஷிம் கோப்பைக் காட்ட வேண்டும். வைத்த கடவுச்சொல்லை மறக்காமல் எழுதி வையுங்கள், தொலைத்தால் பெரிய அலைச்சல்.

உபுண்டுவுக்குள் போக முடிகிறதென்றால், கட்டளை இடும் சாளரமான டெர்மினலில் இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் என்ற கட்டளையை இட்டும் இதே வரிசையைப் பார்க்கலாம், மாற்றலாம். விண்டோஸின் பெரிய புதுப்பிப்புக்குப் பிறகு வரிசை மறுபடியும் தலைகீழாவது உண்டு. அப்போதும் மருந்து இதேதான். உபுண்டுவை மறுபடி நிறுவத் தேவையில்லை.

கிரப் பட்டியல் வருகிறது, அதில் விண்டோஸைக் காணவில்லை. அழித்துவிட்டேனா?

இந்தக் கேள்வியைக் கேட்கும் பலரின் குரல் நடுங்கும். எஃப்12 திரையில் விண்டோஸ் பூட் மேனேஜரைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அநேகமாக விண்டோஸ் எப்போதும்போல எழுந்து வரும்.

காரணம் இது: பக்கத்தில் வேறு இயங்குதளம் இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது ஓஎஸ்-புரோபர் என்ற துணை நிரலின் வேலை. 2021-இல் வந்த கிரப் 2.06 பதிப்பில் பாதுகாப்புக் கருதி அந்தத் தேடலை இயல்பாகவே நிறுத்திவைத்தார்கள். விண்டோஸ் வட்டில் இருந்தும் கிரப் அதைத் தேடுவதில்லை. ஈடிசி கோப்புறைக்குள் டிஃபால்ட் என்ற கோப்புறையில் கிரப் என்றொரு கோப்பு இருக்கும். அதில் "கிரப் டிசேபிள் ஓஎஸ் புரோபர்" என்ற வரியைத் தேடி, முன்னால் இருக்கும் ஹாஷ் குறியை எடுத்துவிட்டு, மதிப்பை "ஃபால்ஸ்" என்று வையுங்கள். வரியே இல்லையென்றால் கடைசியில் சேருங்கள். இந்த வரி மட்டும் பெரிய எழுத்துகளில், சொற்களுக்கிடையே அடிக்கோட்டோடு இருக்க வேண்டும், மதிப்பு மட்டும் சிற்றெழுத்தில். பிறகு "சூடோ அப்டேட்-கிரப்" கட்டளையை இடுங்கள். ஓடும் வரிகளுக்கு நடுவே விண்டோஸ் பூட் மேனேஜரைக் கண்டதாக ஒரு வரி வரும். அடுத்த முறை பட்டியலில் அது இருக்கும்.

எல்லாம் செய்தும் விண்டோஸ் கிரப்புக்குத் தென்படவில்லை.

அப்படியானால் இரண்டு இயங்குதளங்களும் இரண்டு வேறு முறைகளில் நிறுவப்பட்டிருக்கலாம். விண்டோஸ் யூஇஎஃப்ஐ முறையில் இருக்க, பென்டிரைவ் பழைய பயாஸ் முறையில் கிளம்பியதால் லினக்ஸ் அந்த முறையில் உட்கார்ந்திருக்கும். விண்டோஸில் எம்எஸ்இன்ஃபோ32 என்று தேடித் திறந்தால் "பயாஸ் மோட்" என்ற வரி உண்மையைச் சொல்லும். லினக்ஸில் சிஸ் என்ற கோப்புறைக்குள் ஃபர்ம்வேர், அதற்குள் இஎஃப்ஐ என்ற கோப்புறை இருந்தால் யூஇஎஃப்ஐ, இல்லாவிட்டால் பழைய முறை. தேர்வுத் திரையில் ஒரே பென்டிரைவ் இரண்டு முறை தெரிவதைக் கவனித்திருப்பீர்கள். பெயருக்கு முன்னால் யூஇஎஃப்ஐ என்று இருப்பதைத்தான் எடுத்திருக்க வேண்டும். பயாஸ் அமைப்பில், பழைய முறையில் கிளம்ப அனுமதிக்கும் சிஎஸ்எம் அல்லது லெகஸி என்ற தேர்வை அணைத்துவிட்டால் இந்தக் குழப்பம் வர வழியே இல்லை. விண்டோஸ் முறையை மாற்ற முயலாதீர்கள். லினக்ஸை மாற்றுவதே எளிது.

கறுப்புத் திரையில் "கிரப் ரெஸ்க்யூ" என்று மட்டும் வருகிறது. அதற்கு மேல் எதுவும் இல்லை.

இந்தத் திரையைக் கண்டுதான் மக்கள் அதிகம் பயப்படுகிறார்கள். நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பொறியியல் இறுதியாண்டு மாணவர் ஒருவர் இரவு 10 மணிக்கு அழைத்தார். மறுநாள் காலை புராஜெக்ட் அறிக்கையைச் சமர்ப்பிக்க வேண்டும், அறிக்கை லினக்ஸ் பக்கத்தில் இருக்கிறது. மாலையில் விண்டோஸுக்குள் இருந்தபடி, பயன்படாமல் கிடந்த ஒரு டிரைவை நீக்கி இடத்தைச் சேர்த்திருக்கிறார். அதன் பிறகு கணினி கிளம்பவில்லை. திரையில் "நோ சச் பார்ட்டிஷன்", கீழே கிரப் ரெஸ்க்யூ.

பழைய கணினி அது; வட்டில் எம்பிஆர் என்ற பழைய பகுப்பு அமைப்பு. அந்த அமைப்பில் நான்கு முதன்மைப் பார்ட்டிஷன்களுக்கு மேல் வைக்க முடியாது என்பதால், மற்றவை ஒரு பெரிய பார்ட்டிஷனுக்குள் 5, 6, 7 என்று எண்ணிடப்பட்டிருக்கும். நடுவில் ஒன்றை நீக்கினால் பின்னால் இருப்பவை ஓரெண் முன்னால் நகர்ந்துவிடும். அவர் நீக்கியது 5. லினக்ஸ் இருந்தது 6. இப்போது லினக்ஸ்தான் 5. கிரப்போ 6-ஆம் எண் வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது.

தொலைபேசியிலேயே ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். முதலில் "எல்எஸ்". அடைப்புக்குறிக்குள் பார்ட்டிஷன்களின் பெயர்கள் வரிசையாக வந்தன. பிறகு எல்எஸ் எழுதி, இடம் விட்டு, ஒரு பார்ட்டிஷனின் பெயரும் கடைசியில் ஒரு சாய்கோடும். முதல் இரண்டுக்கும் "அன்நோன் ஃபைல்சிஸ்டம்" என்ற பிழை வந்தது; அவை விண்டோஸுடையவை. 5-க்கு பூட், ஈடிசி, ஹோம் என்று பெயர்கள் விழுந்தபோது அவர் "அண்ணா, ஹோம் இருக்கிறது" என்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. அதன் பிறகு நான்கே வரிகள். "செட் ரூட்" என்று எழுதி, சமக்குறி போட்டு, அந்தப் பார்ட்டிஷனின் பெயர். "செட் பிரீஃபிக்ஸ்", சமக்குறி, அதே பெயரோடு பூட் கோப்புறைக்குள் இருக்கும் கிரப் கோப்புறையின் முகவரி. "இன்ஸ்மாட் நார்மல்". "நார்மல்". பட்டியல் வந்துவிட்டது.

இது அந்த ஒரு முறைக்கு மட்டுமே செல்லும் என்பதை மறக்காதீர்கள். லினக்ஸுக்குள் போனதும் "சூடோ கிரப்-இன்ஸ்டால்" என்பதோடு வட்டின் பெயரையும் சேர்த்து இட்டு, பிறகு அப்டேட்-கிரப் கட்டளையையும் இட்டால்தான் நிலைக்கும். வட்டின் பெயர்தான் வேண்டும், பார்ட்டிஷனின் எண் கூடாது.

லினக்ஸ் பார்ட்டிஷனையே நீக்கிவிட்டதால் இந்தத் திரை வந்தது என்றால் மேலே சொன்ன எதுவும் உதவாது. யூஇஎஃப்ஐ கணினியில் விண்டோஸ் பூட் மேனேஜரைத் தேர்ந்தெடுங்கள். பழைய முறைக் கணினியில் விண்டோஸ் நிறுவல் பென்டிரைவிலிருந்து கிளம்பி, பழுதுபார்க்கும் பகுதியில் பூட்ரெக் கட்டளையின் ஃபிக்ஸ்எம்பிஆர் தேர்வை இயக்குங்கள்.

விண்டோஸ் நீலத் திரையில் 48 இலக்க எண்ணைக் கேட்கிறது. நான் எதுவும் பூட்டி வைக்கவில்லையே?

நீங்கள் பூட்டவில்லை, விண்டோஸ் பூட்டியிருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அமைக்கப்பட்ட பல கணினிகளில், குறிப்பாக 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவிய விண்டோஸ் 11 கணினிகளில், வட்டின் குறியாக்கம் தானாகவே தொடங்கிவிடுகிறது. கணினி கிளம்பும் முறையில் மாற்றம் தெரிந்தால், உதாரணமாக, கையொப்பமிட்ட நிரல்களை மட்டுமே கிளம்பவிடும் செக்யூர் பூட்டை அணைத்தால், பிட்லாக்கர் என்ற அந்தக் குறியாக்க நிரல் சந்தேகப்பட்டு மீட்புச் சாவியைக் கேட்கும்.

சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கைப்பேசியில் அந்தக் கணக்குக்குள் போய், சாதனங்கள் பகுதியில் மீட்புச் சாவிகளைப் பாருங்கள். ஆறாறு இலக்கங்களாக எட்டுத் தொகுதிகள் இருக்கும். கணினியை வாங்கித் தந்தது அண்ணனோ, அமைத்துத் தந்தது கடைக்காரரோ என்றால் சாவி அவர்களுடைய கணக்கில் இருக்கக்கூடும். மாற்றிய அமைப்பைப் பழையபடி வைத்தாலே பல நேரம் கேட்பது நின்றுவிடும். கிரப் வழியாக விண்டோஸுக்குப் போகும்போது மட்டும் கேட்கிறது என்றால், எஃப்12 திரையிலிருந்து நேராகப் போய்ப் பாருங்கள்.

சாவி எங்கும் கிடைக்கவில்லை என்றால் அந்த வட்டைத் திறக்க வழி இல்லை. கடினமான பதில்தான், ஆனால் இதில் ஆசை காட்டுவது பாவம். ஆகவே, இன்னும் லினக்ஸ் நிறுவாதவர்கள் இந்த வரியைப் படித்தால் இப்போதே எழுந்துபோய் அந்த 48 இலக்கங்களைத் தாளில் எழுதிவிட்டு வாருங்கள். நிறுவுவதற்கு முன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தியும் வையுங்கள்.

"எஸ்பிஏடி செல்ஃப்-செக் ஃபெயில்டு" என்று ஒரு வரி வந்து கணினி அணைந்துவிடுகிறது.

2024 ஆகஸ்ட் 13-ஆம் தேதி வந்த விண்டோஸ் பாதுகாப்புப் புதுப்பிப்புக்குப் பிறகு உலகம் முழுவதும் பலர் பார்த்த திரை இது. ஓட்டை உள்ள பழைய கிரப், ஷிம் பதிப்புகளைத் தடுக்க மைக்ரோசாஃப்ட் ஒரு தடைப் பட்டியலை அனுப்பியது. இரண்டு இயங்குதளம் உள்ள கணினிகளுக்கு அது போகக் கூடாது என்பது திட்டம். ஆனால் அப்படிப்பட்ட பல கணினிகளை அது அடையாளம் காணத் தவறியது.

பயாஸில் செக்யூர் பூட்டை அணையுங்கள் (பிட்லாக்கர் சாவி கையில் இருக்கட்டும்). லினக்ஸுக்குள் போய் "சூடோ மோக்யூடில்" கட்டளையை "செட்-எஸ்பிஏடி-பாலிசி டிலீட்" என்ற தேர்வோடு இடுங்கள். செட் என்பதற்கு முன் இரண்டு சிறுகோடுகள் வேண்டும். மறுதொடக்கம் செய்து ஒரு முறை லினக்ஸுக்குள்ளேயே நுழையுங்கள். எல்லாப் புதுப்பிப்புகளையும் போட்டுக்கொண்டு, பிறகு செக்யூர் பூட்டை மறுபடி இயக்குங்கள். பழைய நிறுவல் பென்டிரைவும் இதே பிழையைக் காட்டும். புதிய வெளியீட்டைப் பதிவிறக்கி எழுதிக்கொள்ளுங்கள்.

கிரப் வரை வருகிறது. உபுண்டுவைத் தேர்ந்தெடுத்ததும் திரை கறுத்துவிடுகிறது.

என்விடியா கிராஃபிக்ஸ் உள்ள கணினியா? கிரப் பட்டியலில் உபுண்டு வரியின் மேல் நின்று "இ" ஒலிக்கும் ஆங்கில எழுத்தை அழுத்துங்கள். லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் "நோமோட்செட்" என்று சேர்த்து எஃப்10-ஐ அழுத்துங்கள். உள்ளே போனதும் "சூடோ உபுண்டு-டிரைவர்ஸ் இன்ஸ்டால்" கட்டளையால் சரியான டிரைவரைப் போடலாம். செக்யூர் பூட் இயங்கினால் அப்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். அடுத்த தொடக்கத்தில் நீலத் திரை ஒன்று 10 விநாடி மட்டும் காத்திருக்கும். அதற்குள் ஒரு விசையைத் தட்டி, "என்ரோல் மோக்" என்பதைத் தேர்ந்தெடுத்து அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். பலர் அந்த 10 விநாடியைத் தவறவிட்டுவிட்டு டிரைவர் வேலை செய்யவில்லை என்று வருந்துகிறார்கள்.

நிறுவும்போது வட்டே தெரியவில்லை.

பெரும்பாலும் வட்டுகளை நிர்வகிக்கும் இன்டெல் ஆர்எஸ்டி என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருக்கும். பயாஸில் அதை ஏஎச்சிஐ என்று மாற்றினால் லினக்ஸுக்கு வட்டு தெரியும். நேராக மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையோடு நின்றுவிடும். ஆகவே பிட்லாக்கரை நிறுத்திவிட்டு, விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் திறந்து சேஃப் பூட்டைத் தேர்ந்தெடுங்கள். மறுதொடக்கத்தில் பயாஸுக்குள் போய் மாற்றுங்கள். விண்டோஸ் பாதுகாப்பு முறையில் ஒரு தடவை எழுந்ததும் அந்தத் தேர்வை நீக்கிவிடுங்கள். அந்த முறையில் நான்கு இலக்கப் பின் எண் சில நேரம் ஏற்கப்படாது. கணக்கின் கடவுச்சொல் நினைவில் இருக்கட்டும்.

விண்டோஸின் டி டிரைவில் லினக்ஸிலிருந்து எதையும் எழுத முடியவில்லை. சில நாள் "எமர்ஜென்சி மோட்" என்றும் வருகிறது.

இரண்டுக்கும் வேர் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்தான். விண்டோஸ் 8 காலத்திலிருந்து, ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸ் முழுமையாக அணைவதில்லை. பாதித் தூக்கத்தில் இருக்கிறது. அந்த நிலையில் உள்ள டிரைவில் கை வைத்தால் கோப்புகள் கெடும் என்பதால் லினக்ஸ் எழுத மறுக்கிறது. விண்டோஸின் கன்ட்ரோல் பேனலில் பவர் பொத்தான்களுக்கான அமைப்பில் அதை அணைத்துவிடுங்கள். கிளம்பும்போது எந்த டிரைவுகளை இணைப்பது என்று லினக்ஸ் பார்க்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் டி டிரைவைச் சேர்த்திருந்தால் அந்த வரியில் "நோஃபெயில்" என்ற சொல்லையும் சேருங்கள். அந்த டிரைவ் கிடைக்காத நாளிலும் கணினி எழும்.

விண்டோஸுக்கு வந்தால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது.

மதர்போர்டுக் கடிகாரத்தில் இருப்பது உலகப் பொது நேரம் என்று லினக்ஸ் நினைக்கிறது. உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் நினைக்கிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் அந்த வேறுபாடு 5.30 மணி. லினக்ஸில் "டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1" என்று ஒரு முறை இட்டால் சரியாகிவிடும்.

லினக்ஸ் வேண்டாம் என்று முடிவெடுத்தால்?

முதலில் பயாஸில் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே கொண்டுவாருங்கள். ஒரு முறை விண்டோஸ் நேராகக் கிளம்புகிறதா என்று பார்த்த பிறகே லினக்ஸ் பார்ட்டிஷனை நீக்குங்கள். இஎஃப்ஐ பார்ட்டிஷனைத் தொடாதீர்கள். அதில் உபுண்டு கோப்புறை மிஞ்சிக் கிடந்தாலும் தொல்லை இல்லை.

கடையில் "பார்மட் செய்தால்தான் சரியாகும்" என்கிறார்கள். கொடுத்துவிடலாமா?

கொடுப்பதற்கு முன் ஓர் இரவு பொறுங்கள். எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை பட்டியல் வரிசை மாறிய கணினியைத்தான் கடையில் கொடுத்தார். திரும்பி வந்தது புது விண்டோஸோடு. ஆறு ஆண்டு வினாத்தாள்கள் போய்விட்டன. அவருக்குத் தேவைப்பட்டது பயாஸுக்குள் இரண்டு விசைத் தட்டல்கள்.

லினக்ஸை நிறுவிய அதே பென்டிரைவ் உங்கள் கையில் இருக்கிறதல்லவா? அதிலிருந்து கிளம்பி, நிறுவாமல் பயன்படுத்திப் பார்க்கும் தேர்வுக்குள் போங்கள். இணையம் இருந்தால் பூட்-ரிப்பேர் என்ற கருவியைச் சேர்த்து, அது பரிந்துரைக்கும் பழுதுபார்ப்பை இயக்கிப் பாருங்கள். கிரப் தொடர்பான பல கோளாறுகளை அதுவே தீர்த்துவிடும். தீரவில்லை என்றாலும் கோப்பு மேலாளரைத் திறந்தால் உங்கள் டிரைவுகள் இடப்பக்கம் தெரியும். பிட்லாக்கர் உள்ளதைத் தொட்டால் அதே 48 இலக்கச் சாவியைச் சிறுகோடுகளோடு கேட்கும். வேறொரு வெளி வட்டைச் செருகி, யூசர்ஸ் கோப்புறையில் உங்கள் பெயரில் உள்ளதை முழுவதும் நகலெடுங்கள். டெஸ்க்டாப்பில் வைத்தவையும் அதற்குள்தான் இருக்கும். நகல் முடிந்ததும் நாலைந்து கோப்புகளைத் திறந்து பார்த்துவிட்டு வெளி வட்டை முறையாக நீக்குங்கள். அதன் பிறகு கடைக்குப் போகலாம்.